கனமான மரச்சாமான்களைக் கீறலும் உடைப்பும் இல்லாமல் இடம் மாற்றுவது எப்படி?

ஒரு பெரிய அலமாரி நின்ற இடத்திலேயே இருபது வருடம் அசையாமல் நிற்கும். அதையே ஒரு தடவை தரையோடு தரையாகப் பக்கவாட்டில் இழுத்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். மேலிருந்து கீழே இறங்கும் எடையைத் தாங்கும்படிதான் அதன் மூட்டுகளை அமைத்திருப்பார்கள். பக்கவாட்டு இழுப்பு வந்ததும் ஸ்க்ரூ துளை அகலும், பசை விட்டுப்போகும், கால் மடங்கும். கீழே சொல்லும் படிகளில் பாதி, இந்த இழுப்பைத் தவிர்ப்பதற்காகத்தான்.

அளவெடுப்பது

சாமானின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். துருத்தி நிற்கும் கைப்பிடியையும் மேல்விளிம்புப் பட்டையையும் சேர்த்தே அளக்க வேண்டும். அடுத்து, போகும் வழி முழுவதையும் அளந்துகொள்ளுங்கள். கதவில் பலர் நிலைச்சட்டத்தின் அகலத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். 90 டிகிரி திறந்து நிற்கும் கதவும் தன் தடிமன் அளவுக்கு, அதாவது 3 முதல் 4 செ.மீ. வரை, வழியை அடைத்துக்கொள்ளும். கைப்பிடி இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில சென்டிமீட்டருக்காகச் சாமான் மாட்டும் என்றால் கதவைக் கழற்றிவிடுவதே நல்லது. கதவின் அடியில் ஆப்பு கொடுத்துவிட்டு, கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்றுங்கள். மாற்றிச் செய்தால் கதவு சாய்ந்து கீழ்க் கீலைப் பிய்த்துக்கொண்டு வரும்.

உயரமான அலமாரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. படுக்க வைத்துக் கொண்டுபோய் உள்ளே நிமிர்த்தும்போது, அதன் உயரம் மட்டும் கூரைக்குள் அடங்கினால் போதாது. மூலைவிட்டமும் அடங்க வேண்டும். 210 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியின் மூலைவிட்டம் 218 செ.மீ.க்குச் சற்று அதிகம். உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் இது கிடைக்கும். கூரை 215 செ.மீ. என்றால் அலமாரி நிமிராது, பாதியில் இடித்துக்கொண்டு நிற்கும். விளக்கும் மின்விசிறியும் தொங்கும் இடத்தை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எடையைக் குறைப்பது

ஒரு மீட்டர் நீளத் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் அது மட்டுமே 20 முதல் 30 கிலோ வரும். ஆகவே உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வரட்டும். டிராயர்களை உருவுங்கள், தட்டுகளையும் அவற்றைத் தாங்கும் சிறு முளைகளையும் எடுத்துவிடுங்கள். சாவியைப் பூட்டிலேயே விடாதீர்கள்; நிலைச்சட்டத்தில் இடித்தால் சாவி உடைந்து பூட்டுக்குள் தங்கிவிடும்.

காலியான பிறகும் எடை ஏமாற்றும். 244-க்கு 122 செ.மீ. அளவில் 18 மி.மீ. தடிமனுள்ள ஒரு பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகையே ஏறக்குறைய 35 முதல் 40 கிலோ. அதில் செய்த மூன்று கதவு அலமாரி வெறுமையாகவே 100 கிலோவைத் தாண்டலாம்.

கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு மூட்டையும் முதலில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களைச் சிறு பைகளில் போட்டு, எந்தப் பாகத்துடையது என்று எழுதி வையுங்கள். அலமாரியைப் பெட்டியாகவே நகர்த்துவதானால் பின்பக்கத்து மெல்லிய பலகையை மட்டும் தொடாதீர்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருந்தாலும், பெட்டி கோணிப்போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

மறுபடி பூட்டும்போது ஒரு நுணுக்கம். பார்ட்டிக்கிள் போர்டில் ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் அது பழைய புரியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை அறுத்துக்கொள்ளும். இரண்டு தடவை அப்படி ஆனால் பிடிமானம் போய்விடும். துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். லேசாக 'டக்' என்று இறங்கும் இடத்தில் பழைய புரி கிடைத்துவிடும். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள், கையாலேயே போதும்.

கதவுகள் திறந்துகொள்ளாமல் இருக்க ஸ்ட்ரெட்ச் ஃபிலிமை, அதாவது இழுத்துச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, சுற்றுங்கள். வார்னிஷ் மேல் நேரடியாக டேப் ஒட்டினால், பிரிக்கும்போது மெருகும் சேர்ந்து உரியும்.

தரையைக் காப்பது

தள்ளுவதற்கு முன் தரையைப் பெருக்குங்கள். ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவும் விடுங்கள். டைல்ஸில் கோடு விழ முக்கியக் காரணம் சாமானுக்கு அடியில் சிக்கும் மணல்தான். துணி போட்டுத் தள்ளினாலும் மணல் இருந்தால் அந்தத் துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

சாமானுக்கு அடியில் வைத்து வழுக்கித் தள்ள உதவும் வில்லைதான் ஸ்லைடர். டைல்ஸ், கல், மரத்தரை என்றால் கம்பளித்துணி ஒட்டிய ஸ்லைடர். கார்ப்பெட் என்றால் வழுவழுப்பான பிளாஸ்டிக் ஸ்லைடர். ஸ்லைடர் இல்லாவிட்டால் தடித்த பழைய கம்பளியை நான்காக மடித்துப் போடலாம். சக்கர டிராலியானால் ரப்பர் சக்கரம் வேண்டும். தட்டிப் பார்த்தால் வெற்றோசை கேட்கும் டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் முழுசாகப் பிடித்திருக்காது. சக்கரம் அதன் மேல் ஏறினால் விரிசல் விடும். அந்த இடங்களில் 12 மி.மீ. பிளைவுட்டை விரித்து அதன் மேல் உருட்டுங்கள், எடை பரவிவிடும்.

அலமாரிக்கு அடியில் ஸ்லைடர் வைக்கும் முறை:

1. ஒரு மீட்டர் நீளமுள்ள உறுதியான மரச்சட்டம் ஒன்றும், 5 செ.மீ. உயரக் கட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையைச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்து, கட்டைக்கும் தரைக்கும் இடையில் துணி போடுங்கள்.
2. சட்டத்தின் நுனியை அடிச்சட்டத்தின் தடித்த பகுதிக்குக் கீழே கொடுத்து நெம்புங்கள். அலங்காரத்துக்காக ஒட்டிய மெல்லிய பட்டையில் கொடுத்தால் அது பிய்ந்துவரும்.
3. ஒன்று, ஒன்றரை செ.மீ. எழும்பினால் போதும். இன்னொருவர் அலமாரியின் மேல்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும்.
4. ஸ்லைடரைக் குச்சியால் உள்ளே தள்ளுங்கள். விரல் அடியில் போகவே கூடாது.
5. நான்கு மூலைக்கும் வைத்த பிறகு, உயரத்தில் பாதிக்குக் கீழே கைவைத்து மெதுவாகத் தள்ளுங்கள். மேலே கைவைத்துத் தள்ளினால் அடி நகராமல் தலை சாயும்.

தூக்கும்போது

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் வசதியாக அமைந்த நிலையில்கூட ஒருவர் தூக்க 23 கிலோவைத்தான் உச்ச அளவாகக் கொள்கிறது. வீட்டில் எதுவுமே அவ்வளவு வசதியாக அமையாது. 80 கிலோ அலமாரிக்கு நான்கு பேர் வேண்டும், அல்லது டிராலியும் கட்டும் பட்டையும் வேண்டும்.

மூடிய காலணி, பிடிமானமுள்ள கையுறை போட்டுக்கொண்டு மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். முழங்காலை மடித்து இறங்கி, சாமானை உடம்போடு ஒட்டினாற்போல் பிடித்து எழுங்கள். திரும்ப வேண்டுமானால் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடுப்பை முறுக்கினால்தான் பிடித்துக்கொள்கிறது. 'தூக்கு', 'இறக்கு', 'நில்' என்ற மூன்று சொல்லையும் ஒருவர் மட்டும் சொல்லட்டும்.

உயரமான சாமானைச் சாய்த்து, ஒருவர் மேல்பகுதியையும் மற்றவர் அடிப்பகுதியையும் பிடித்துத் தூக்குவதுதான் வசதி. கைநழுவிச் சாயத் தொடங்கிவிட்டால் தாங்கப் பார்க்காதீர்கள். "விடு" என்று கத்திவிட்டு விலகுங்கள். அலமாரியைச் சரிசெய்துவிடலாம்.

சோபா கதவில் நுழையவில்லையா? அதைச் செங்குத்தாக நிறுத்தினால் முதுகும் இருக்கையும் சேர்ந்து 'ட' வடிவம் கொள்ளும். முதுகுப்பக்கத்தை முதலில் உள்ளே விட்டு, கதவுச் சட்டத்தைச் சுற்றிக் கொக்கி மாட்டுவதுபோல் திருப்புங்கள். நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் கம்பளியைக் கட்டிவிட்டால் வண்ணம் உரியாது.

படிக்கட்டில் எடையின் பெரும்பங்கு கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். பலமான ஆளை அங்கே நிறுத்துங்கள். ஏறினாலும் இறங்கினாலும் சாமானின் தலைப்பகுதி மேல்படி ஆளிடம் இருக்கட்டும். மூன்றாவது ஆள் பக்கச்சுவரைக் கவனித்து வழி சொல்லலாம், ஆனால் சாமானுக்குக் கீழே இருக்கும் படிகளில் தூக்குபவரைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனிக் கவனம் கேட்பவை

கண்ணாடியையும் பளிங்குப் பலகையையும் எப்போதும் நிறுத்திப் பிடித்தே கொண்டுபோக வேண்டும். தட்டையாகத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடும். கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவது அதை உறுதியாக்காது. உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஃபிரிஜை நிமிர்த்தியே நகர்த்துங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்திப் பல மணி நேரம் விட்ட பிறகே மின் இணைப்புக் கொடுங்கள்.

வைத்த பிறகு

அலமாரிக் கதவு இரண்டும் ஒரே மட்டத்தில் மூடவில்லை என்றால் உடனே கீலை முறுக்கப் போகாதீர்கள். பெரும்பாலும் தரைதான் மட்டமில்லாமல் இருக்கும். தாழ்ந்த மூலைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கொடுத்துப் பாருங்கள், கதவு தானாகச் சேர்ந்துகொள்ளும். மட்டம் சரியான பிறகு உயரமான அலமாரியைச் சுவரோடு எல் வடிவ இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். டிராயரை இழுத்து அதன் மேல் கால்வைத்து ஏறும் ஒரு குழந்தையின் எடை, அலமாரியை முன்பக்கம் கவிழ்க்கப் போதும். கட்டிலைப் பிரித்துப் பூட்டியிருந்தால் ஒரு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். எடை ஏறி மரம் படிந்ததும் அவை சற்றுத் தளர்ந்திருக்கும்.