மிளகாயின் சிவப்பைக் காப்பாற்றுவது எப்படி?

மிளகாய்த்தூள் வாங்கி நாலைந்து மாதத்தில் வெளுத்துப்போகிறதா? காரம் அப்படியே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். காரம் தருவது கேப்சைசின், அதற்கு நிறமே கிடையாது. சிவப்பு என்பது கேப்சாந்தின், கேப்சோரூபின் என்ற கரோட்டினாய்டு நிறமிகள், கூடவே கொஞ்சம் பீட்டா கரோட்டினும் உண்டு. ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையிலும், அதாவது செல்கள் சிதையாமல் காப்பதிலும், இவற்றுக்குப் பங்கு உண்டு.

இந்த நிறமிகளின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நீளச் சங்கிலிபோல வருகின்றன. நமக்குச் சிவப்பாகத் தெரிவதற்கும் அந்தச் சங்கிலிதான் காரணம், செல்லைச் சிதைக்கும் வீரியமான ஆக்ஸிஜனின் ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியேற்றுவதும் அதே சங்கிலிதான். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அது அறுந்தால் நிறமும் போகும், பலனும் போகும். அதனால் நிறத்தைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? வாங்கும்போதே முழுக்கப் பழுத்ததாக எடுங்கள், ஏனென்றால் கேப்சாந்தின் காய் பழுக்கும்போதுதான் உருவாகிறது, பச்சையில் அது இல்லை. காரம் ஆகாதவர்களுக்குச் சிவப்புக் குடைமிளகாய் போதும், நிறமிகள் இவையேதான். அதைப் பச்சையாகக் கடித்துச் சாப்பிட்டால் வைட்டமின் சி-யும் வீணாகாமல் கிடைக்கும் (100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது).

வற்றலை முழுசாக வையுங்கள், தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததும் ஒவ்வொரு துகளிலும் காற்று படுகிறது, அதனால் தூள் சீக்கிரம் வெளுக்கும். கண்ணாடி ஜாடியை அலமாரிக்கு வெளியே வெளிச்சத்தில் அடுக்கி வைக்க வேண்டாம், பார்க்க அழகாக இருந்தாலும். இறுக மூடிய டப்பா, இருட்டான இடம், முடிந்தால் ஃபிரிட்ஜ்.

சமைக்கும்போது எண்ணெய் கட்டாயம். இந்த நிறமிகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும், உடலும் அப்படித்தான் உள்ளே வாங்கிக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகைத் தூளை வெதுவெதுப்பான எண்ணெயிலும் இன்னொரு சிட்டிகையைத் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள், எண்ணெய்தான் அழகாகச் சிவக்கும். ஆனால் புகை வரும் சூட்டில் போட்டால் நொடியில் கருகிவிடும், அப்புறம் அதில் ஒன்றும் மிஞ்சாது. அடுப்பைக் குறைத்துவிட்டுத் தூளைப் போடுங்கள், உடனே தக்காளியோ தண்ணீரோ சேர்த்துவிடுங்கள்.