புது கேம் வாங்கினால் முதல் 2 மணி நேரம் என்ன செய்வது?
ட்ரெய்லரைப் பார்த்து மயங்கி முன்பதிவு செய்யாதீர்கள். சைபர்பங்க் 2077 கேம் நினைவிருக்கிறதா? 2020 டிசம்பரில் வந்தது, பிளேஸ்டேஷன் 4-இல் அது திணறிய திணறலில் ஒரு வாரம் போல ஆனதுமே சோனி தன் கடையிலிருந்து தூக்கிவிட்டது.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் ஒரு வசதி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கியதும் கதைக்குள் குதிக்காமல், ஸ்டீம் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்கிற எண்) காட்டுவதை ஆன் செய்துவிட்டு, கிராஃபிக்ஸை மீடியத்தில் வைத்து, கூட்டமும் சண்டையும் இருக்கிற இடம் வரை ஓடிப் பாருங்கள். ஆரம்பக் காட்சி பெரும்பாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும், அதை நம்பாதீர்கள். அந்த எஃப்பிஎஸ் எண் 30-க்குக் கீழே விழுந்துகொண்டே இருந்தால் எனக்கு அது போதும், திருப்பிவிடுவேன்.

ஒரு விஷயம், கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும். ஒருமுறை கேம் தொடங்கும் முன் நாயகனின் முகத்தை அமைக்கிற திரையில் மூக்கை நீட்டிக் குறைத்தே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன்.

சரி, எப்படிக் கேட்பது? ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். பணம் ஸ்டீம் கணக்கிலேயே இருக்கிற வாலட்டுக்கா, கட்டிய வழியிலேயேவா என்று அதுவே கேட்கும்.