லினக்ஸ் ஸ்டேபிள் கெர்னலுக்குப் பிழைத்திருத்தம் அனுப்புவது எப்படி?

உங்கள் கணினியில் லினக்ஸின் 6.1 கெர்னல் ஓடுகிறது. அது ஒரு ஸ்டேபிள் கிளை, அதாவது வெளிவந்த பிறகும் பிழைத்திருத்தங்கள் பெற்றுவரும் பதிப்பு. அதில் ஒரு டிரைவர், பிழை நேர்ந்து பாதியில் திரும்பும்போது, தான் வாங்கிய மெமரியை விடுவிப்பதில்லை. மெமரியை விடுவிக்கும் ஒரே ஒரு கேஃப்ரீ வரி சேர்த்தால் போதும். அதை நேரே 6.1-க்கு அனுப்பிவிடலாமே? முடியாது. லைனஸ் டோர்வால்ட்ஸின் மெயின்லைனில், அதாவது புதிய பதிப்புகள் உருவாகும் முதன்மைக் கிளையில், சேராத திருத்தத்தை ஸ்டேபிளில் பொதுவாக ஏற்கமாட்டார்கள். 6.1-ல் மட்டும் சரிசெய்தால், புதிய பதிப்புக்கு மாறுகிறவர் அதே பிழையில் மறுபடி மாட்டிக்கொள்வார்.

1. தகுதி இருக்கிறதா பாருங்கள். நிஜமான பிழையாக இருக்க வேண்டும், நீங்கள் சோதித்திருக்க வேண்டும், மாற்றத்தைச் சுற்றிக் காட்டப்படும் வரிகளோடு சேர்த்து 100 வரிக்குள் அடங்க வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தமெல்லாம் ஸ்டேபிளுக்கு வேண்டாம்.

2. பிழை எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேமில் தேடுங்கள். அது முதலில் காட்டுவது பல நேரம் யாரோ இடைவெளி சரிசெய்த கமிட்டாக இருக்கும். அதையும் தாண்டிப் பின்னால் போங்கள்.

3. மெயின்லைனுக்கான பேட்சை, அதாவது அனுப்பவேண்டிய திருத்தத்தை, தயார் செய்யுங்கள். கமிட் செய்தியின் கடைசியில், உங்கள் கையொப்ப வரியை ஒட்டி, இரண்டு வரிகள் வேண்டும். ‘ஃபிக்ஸஸ்:’ வரியில் பிழையை நுழைத்த பழைய கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியீட்டில்) முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் வரும். ‘சிசி:’ வரியில் ஸ்டேபிள் குழுவின் முகவரி. முதல் வரி மட்டும் இருந்தால் சில சமயம் எடுத்துக்கொள்வார்கள், உத்தரவாதம் இல்லை. இரண்டும் இருந்தால் பெரும்பாலும் நீங்கள் தனியாக எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

4. பேட்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள், யாருக்கு அனுப்புவது என்று காட்டும் கெட்-மெயின்டெய்னர் சொல்லும் ஆட்களுக்கு கிட் சென்ட்-இமெயிலில் அனுப்புங்கள். அப்புறம் காத்திருங்கள்.

5. மெயின்லைனில் சேர்ந்த பிறகு கிரெக் குரோவா-ஹார்ட்மன், சாஷா லெவின் போன்ற ஸ்டேபிள் பராமரிப்பாளர்கள் அதை எடுத்து ஒவ்வொரு கிளையிலும் பொருத்திப் பார்ப்பார்கள். 6.1-ல் பொருந்தாவிட்டால் உங்களுக்கு அஞ்சல் வரும். பயப்பட வேண்டாம், திருத்தத்தை யாரும் நிராகரிக்கவில்லை. சுற்றியுள்ள நிரல் வரிகள் பழையதாக இருக்கும், அல்லது ஃபங்ஷனின் பெயர் வேறாக இருக்கும், அவ்வளவுதான். 6.1 கிளையில் கிட் செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துப் பொருத்தி), முட்டும் இடங்களைக் கையால் சரிசெய்து, கம்பைல் செய்து சோதியுங்கள். செய்தியின் தொடக்கத்தில் மெயின்லைன் கமிட்டின் முழு ஹாஷ் இருக்கட்டும். நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதைக் கையொப்பத்துக்கு மேலே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் எழுதுங்கள். அஞ்சலின் தலைப்பில் கிளையின் எண்ணையும் போட்டு அனுப்புங்கள். அதற்குமுன் 6.6, 6.12 போன்ற புதிய கிளைகளில் இந்தத் திருத்தம் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றுக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.