ஊருக்கு வரும் பிள்ளையை அவிழ்த்துவிடுவது எப்படி?

கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "போய் விளையாடு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது விளையாடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அப்புறம் செல்போனைக் கேட்கும். விட்டால் முழுசாக விட வேண்டும். அதற்கு முன்னால் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் வேலை இருக்கிறது.

முதல் வேலை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவது. எல்லையைக் கிலோமீட்டரில் சொன்னால் மண்டையில் ஏறாது. மேற்கே ரைஸ் மில், கிழக்கே பிள்ளையார் கோயில் அரசமரம், தெற்கே வாய்க்கால் பாலம், வடக்கே மெயின் ரோடு என்று அடையாளம் வைத்துச் சொல்ல வேண்டும். ரோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். போகிற வழியில் பெட்டிக்கடைக்காரர், தையல்காரர், இட்லிக்கடை அக்கா எல்லோரிடமும் "இது நம்ம மூத்தமக பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நிஜமான காவல் இதுதான். முகம் தெரிந்த பிள்ளை கிணற்று மேட்டில் ஏறினால் நாலு பேர் அதட்டுவார்கள். தெரியாத பிள்ளையை யாரோ என்று கடந்துபோய்விடுவார்கள்.

விதிகள் நாலுக்கு மேல் வேண்டாம். தனியாகப் போகக் கூடாது, குறைந்தது இரண்டு பேர். யார் வீடானாலும் திண்ணை வரைதான், உள்ளே போவதானால் நம் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். தெரிந்தவர் கூப்பிட்டாலும் இதேதான். வெயில் உச்சியில், பதினொன்றிலிருந்து மூன்று வரை, நிழலில் இருக்க வேண்டும். மே முதல் வாரம் கத்திரி தொடங்கிவிட்டால் இதில் சலுகையே கிடையாது. நாலாவது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. சங்கு ஊதும் ஊராக இருந்தால் மாலைச் சங்கு, இல்லையென்றால் கோயில் மணி. வாட்ச் வேண்டாம். வீட்டு போன் நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் தனிச் சட்டம் போடாதீர்கள். அண்ணனுக்கு ரைஸ் மில் வரை, தங்கைக்குத் தெருமுனை வரை என்றால், அவள் சொல்லாமல் போவதற்குத்தான் பழகுவாள்.

ஐந்தாவது ஒன்று உண்டு, ஆனால் அது பெரியவர்களுக்கு. அடிபட்டு வந்து சொன்னால் அந்த ஒரு மணி நேரத்துக்குத் திட்டக் கூடாது. நாய்க்கடியைப் பிள்ளைகள் மறைப்பதே திட்டுக்குப் பயந்துதான். நாய்ப்பல் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குப் போன் போடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகும். பிள்ளைகள் வெளியில் படுக்க ஆசைப்பட்டால் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் படுக்க வையுங்கள்.

காட்டில் தின்னக் கிடைப்பதைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை தானாகவே தின்று சோதித்துப் பார்க்கும். கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், கோவைப்பழம் எல்லாம் தின்னலாம். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் குச்சியால் தட்டி மண்ணில் நன்றாக உருட்டினால்தான் மேலிருக்கும் பூமுள் போகும். பிளந்தபின் உள்ளே இருக்கும் முள்ளையும் எடுத்துப் போட வேண்டும். தொடவே கூடாதவை அரளி, ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு. இதில் ஏமாற்றுவது காட்டாமணக்குதான். கொட்டை கசக்காது, கடலைபோல ருசியாக இருக்கும், அதனால் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து தின்றுவிட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

இனி தண்ணீர். மற்ற எல்லாவற்றிலும் கையை விட்டுவிடலாம், இதில் மட்டும் முடியாது. நீச்சல் தெரியாத பிள்ளை கிணறு, கண்மாய், வாய்க்கால் எதற்கும் பெரியவர் துணையில்லாமல் போகக் கூடாது. ஆனால் "போகாதே" என்று மட்டும் சொல்வது எந்த ஊரிலும் பலித்ததில்லை, கற்றுக்கொடுப்பதுதான் வழி. படி உள்ள கிணறாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். வயர் கசிந்தால் கிணறு முழுக்க ஷாக்.

மிதவைக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு போதும். மூடியை இறுக்கி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பழைய பருத்தித் துண்டால் நெஞ்சைச் சுற்றி, கேன்கள் முதுகில் வருமாறு கட்ட வேண்டும். நைலான் கயிறு அக்குளை அறுக்கும். இடுப்பில் கட்டினால் இடுப்பு மேலே வந்து தலை கீழே போய்விடும்; பிள்ளை முதல் நாளே பயந்துபோவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தப்புத்தான். சுரைக்குடுக்கை கிடைத்தால் அதையும் இப்படியே கட்டலாம். முதல் இரண்டு மூன்று நாள் படியைப் பிடித்துக் கால் அடிக்கட்டும். பிறகு இரண்டு கேனோடு, பிறகு ஒரு கேனோடு. கற்றுத்தருபவர் எப்போதும் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும். வந்ததா என்று பார்க்க: கேன் இல்லாமல் குதித்து, இரண்டு நிமிடம் நின்றபடி மிதந்து, கிணற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தானே படியேற வேண்டும். தேறினாலும் பெரிய ஆள் ஒருவர் மேட்டில் இருக்கும்போதுதான் இறங்கலாம். மே மாதத்தில் தண்ணீர் இறங்கிப் பாறைத் திட்டு மேலே வந்திருக்கும், அதனால் தலைகீழ்ப் பாய்ச்சல் கிடையாது.

கண்மாய் பார்க்கச் சாது. மண் அள்ளிய குழி இருந்தால் முழங்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது, துண்டோ கயிறோ கேனோ வீச வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள், கரையில் ஒருமுறை வீசியும் பார்க்கச் சொல்லுங்கள். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது.

மூடாத ஆழ்துளைக் கிணறு எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது அப்படி ஒன்றில்தான். நண்டு சிண்டுகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலையும் அண்ணன்மாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

விளையாட்டுச் சாமான் வாங்கித் தர வேண்டியதில்லை. நுங்கு வண்டி செய்யக் காட்டிவிட்டால் ஒரு வாரம் ஓடும். ஒரே அளவில் நுங்கு எடுத்த கூடு இரண்டு, பெருவிரல் தடிமனில் ஒரு முழக் குச்சி, பிள்ளையின் நெஞ்சுயரத்துக்கு நுனியில் கவட்டை உள்ள கம்பு, இவ்வளவுதான். குச்சியின் இரு முனையையும் சீவி, மூன்று கண்ணும் கூடும் நடுவில் இறுகக் குத்துங்கள். நடு தவறினால் வண்டி நொண்டும், அதைத் திருத்த முடியாது, வேறு கூடு எடுக்க வேண்டியதுதான். கவட்டைக்குள் அச்சுக் குச்சி கிடக்க, பின்னாலிருந்து தள்ள வேண்டும். கவட்டையின் கீழ்க்கிளை மூன்று விரலுக்கு மேல் நீண்டால் தரையில் இடிக்கும். அச்சு தேய்கிற இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். குச்சி தளர்ந்தால் ஓலை ஈர்க்கை ஒடித்து ஆப்பு அடிக்கலாம். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் ஒரு நாள் தாங்கும். காய்ந்து வெடித்துவிட்டால் அச்சையும் கம்பையும் வைத்துக்கொண்டு கூட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, நுங்குக்காரரிடம் போய் இரண்டு காலிக் கூடு கேட்கச் சொல்லுங்கள். கேட்பது பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள்.