நாசிக்கில் ஒயின் ருசிக்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் ஐந்து பேர் மகாராஷ்டிராவில் இருக்கும் நாசிக் போனபோது ஒரே நாளில் நான்கு ஒயினரி, அதாவது நான்கு ஒயின் ஆலை, என்று திட்டம் போட்டோம். முதல் இடத்தில் ஊற்றிக் கொடுத்த ஐந்தும் இன்றைக்கும் நினைவிருக்கிறது, இரண்டாவதில் ஏதோ ஒரு சிவப்பு நன்றாக இருந்தது, மூன்றாவதில் எடுத்த படங்கள் போனில் இருக்கின்றன, நான்காவது இடத்துக்குள் நுழைந்தோமா இல்லையா என்பதில் இன்றும் எங்களுக்குள் சண்டை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலையில் ஒன்று, சாப்பிட்டுவிட்டு மதியம் ஒன்று.

கணக்குப் போட்டால் புரியும். டேஸ்டிங்கில் ஒவ்வொரு ஒயினும் சுமார் 30 மி.லி. ஊற்றுவார்கள். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும், ஆனால் ஐந்து வகை ருசித்தால் 150 மி.லி., அதாவது ஒரு முழு கிளாஸ். நான்கு இடத்தில் ஐந்தைந்து என்றால் 600 மி.லி. ஒரு பாட்டிலே 750தான். வெயிலில் சுற்றிக்கொண்டு ஆளுக்கு முக்கால் பாட்டிலுக்கு மேல் இறக்கிவிட்டு ருசியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

சரி, எப்போது போவது? ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஐரோப்பாவில் திராட்சைக் கொடிகள் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், இலையுதிர் காலம் தொடங்கும்போது அறுவடை நடக்கும். நம் ஊர் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் நாசிக் விவசாயிகள் வருடத்தில் இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள், அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இந்த இரண்டாவது கவாத்துக்குப் பின் வரும் காய்தான் குளிரும் வறட்சியுமான மாதங்களில் மெதுவாகப் பழுத்து ஆலைக்குப் போகிறது. ஜூலையில் போனால் மலையெல்லாம் பச்சை, அணை நிறையத் தண்ணீர், கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் கொடியில் ஒரு கொத்து பழம் இருக்காது. பழத்தைப் பார்க்க வேண்டும், ஆலை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரிக்குக் குறி வையுங்கள். வாரக் கடைசியைத் தவிருங்கள், மும்பையும் புனேயும் மொத்தமாக அங்கே வந்து நிற்கும். இன்னொரு பள்ளம், ஜனவரி 26. தொடர் விடுமுறை கிடைக்கிறதே என்று அந்த நாளுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், அன்று மது விற்பனை கிடையாது. தேர்தல் தேதிகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடங்களைத் திசை பார்த்துப் பிரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். நகரத்துக்கு மேற்கே கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மும்பை சாலையில் இகத்புரிப் பக்கம் குரோவர் ஸம்பா, வல்லோன். வடக்கே திண்டோரிப் பக்கம் ஷாண்டோன், நுரைக்கும் ஒயினுக்குப் பேர்போன பிரெஞ்சு நிறுவனத்தின் இந்தியக் கிளை. ஒரு நாளைக்கு ஒரு திசை. முதல் தடவை என்றால் சுலாவில் தொடங்குங்கள். அமெரிக்காவில் வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சமந்த் 1997-ல் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சைக் கொடி நட்டார், 2000-ல் முதல் ஒயின் வந்தது, இன்று நாசிக் என்றதும் ராமர் தங்கிய பஞ்சவடியோடு சேர்த்து ஒயினும் நினைவுக்கு வருகிறது என்றால் அதற்கு அந்த ஆலை பெரிய காரணம். ஆனால் அங்கே கூட்டம் அதிகம், திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும். மதியத்துக்குச் சின்ன ஆலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இடத்தில்தான் ஊற்றிக் கொடுப்பவர் நின்று பேசுவார், கேட்டால் பட்டியலில் இல்லாததையும் சில சமயம் திறப்பார். எங்கே போனாலும் முதல் நாளே போன் செய்து நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள், வயதுச் சான்றுக்கு ஆளாளுக்கு அடையாள அட்டை வேண்டும்.

வண்டி விஷயத்தில் நாங்கள் பட்டது போதும். போகும்போது செயலியில் ஒரு டாக்ஸி பிடித்துப் போய் இறங்கினோம். திரும்பும்போது இருட்டிவிட்டது, ஒரு வண்டியும் வர மறுக்கிறது, அணைக்கட்டுச் சாலையில் ஐந்து பேர் முக்கால் மணி நேரம் நடந்தோம். ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு வண்டி எடுங்கள், ஐந்து பேர் பங்கு போட்டால் பெரிய செலவு இல்லை, அவருக்கும் மதியச் சாப்பாடு உங்களோடுதான். ‘நான் கொஞ்சம்தான் குடிப்பேன், நானே ஓட்டுகிறேன்’ என்று ஒரு நண்பன் கிளம்புவான், எல்லாக் கூட்டத்திலும் ஒருவன் உண்டு, விடாதீர்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. 150 மி.லி. ஒயின் அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஆனால் மிசல் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். முளைகட்டிய பயறில் காரசாரமாகச் செய்யும் நாசிக் மிசல் அருமையானது, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய் இருக்கிறதே, அது நாக்கை ஒரு மணி நேரத்துக்கு மரத்துப்போக வைத்துவிடும், அதன்மேல் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். மிசலை மறுநாள் காலைக்கு வையுங்கள். இட்லி, போஹா, முட்டை என்று சாதுவாக ஏதாவது போதும். சென்ட் வேண்டாம். தலையில் மல்லிகைப் பூவும் அன்றைக்கு வேண்டாம், சொன்னால் கோபம் வரும், ஆனால் நீங்கள் முகரப் போவது கிளாஸையா பூவையா? காபி குடித்தால் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாக்கு, மசாலா எதுவும் வாயில் வேண்டாம்.

ஆலையைச் சுற்றிக் காட்டும்போது பலர் போனைப் பார்த்துக்கொண்டே வருவார்கள், எப்போது ஊற்றுவார்கள் என்ற ஒரே நினைப்போடு. எனக்கு அதுதான் பிடித்த பகுதி. கருப்புத் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சாறு வெள்ளையாகத்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில். சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் தோலோடு நொதிக்கவிடுகிறார்கள், வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்தெடுத்துக் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள், இளஞ்சிவப்பு ரோஸே என்றால் சில மணி நேரம் தோலோடு வைத்துவிட்டுப் பிரித்துவிடுகிறார்கள். இந்த ஒன்று புரிந்தால் பட்டியலில் பாதி புரிந்துவிடும். ஓக் பீப்பாய் இருக்கும் அறைக்குள் கூட்டிப்போனால் மூச்சை நன்றாக இழுங்கள், அந்த மர வாசனையும் லேசான வனிலா வாடையும் பிறகு கிளாஸுக்குள் வரும்போது அடையாளம் தெரியும். கொடியில் பழம் இருந்தால், அனுமதி கேட்டு ஒன்று வாயில் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் விதையில்லாத திராட்சை மாதிரி இருக்காது, சிறியது, தோல் தடிமன், விதை உண்டு, இனிப்போ அதைவிட அதிகம். அந்த இனிப்புதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது.

இப்போது மேசைக்கு வருவோம். லேசானதில் தொடங்கிக் கனமானதுக்குப் போவார்கள், நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு. வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள், பாயசம் குடித்துவிட்டு ரசம் குடித்தால் எப்படியிருக்கும்? கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் சூடாகிவிடும். முதலில் சுற்றாமல் ஒரு முறை முகருங்கள், பிறகு மேசையில் வைத்தபடியே லேசாகச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு பாடம். ஒரு வாய் எடுத்துக் கொப்பளிப்பதுபோல் எல்லாப் பக்கமும் ஓடவிடுங்கள். அப்புறம் துப்பலாம். ஆமாம், துப்பலாம். அதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும், வெற்றிலை போடுகிற தாத்தா வீட்டுப் படிக்கம்தான் அது. அதில் துப்புவதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். பிடித்ததை விழுங்குங்கள், மற்றதைத் துப்புங்கள், கிளாஸில் மிச்சமிருப்பதை அங்கேயே கொட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மடக்கு தண்ணீர்.

என்ன ருசி என்று சொல்லத் தெரியவில்லையே என்று கூச்சப்படுவார்கள். காரணம், கையில் கொடுக்கும் அட்டையில் பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி என்று இருக்கும், நம்மில் யார் பிளாக்கரன்ட் தின்று வளர்ந்தோம்? அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒயின் ருசிக்கத் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது, துவர்ப்பு என்ற சொல் நம்மிடம் பிறந்ததிலிருந்தே உண்டு, அறுசுவையில் ஒன்று. சிவப்பு ஒயினில் டானின் டானின் என்கிறார்களே, வாயில் அது செய்வது கடுக்காயும் பிஞ்சு நாவல்பழமும் செய்வதைத்தான், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் வந்து எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. அதற்கு நேர்மாறு புளிப்பு, மாங்காயைப் பார்த்ததும் வாய் ஊறுகிறதே அதுபோல. விழுங்கிய பிறகு வாய் ஊறுகிறதா, வறள்கிறதா என்று கவனித்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். கனம் என்பதை நீர்மோர், கெட்டி மோர், தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைக்கும் அப்படியே. சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் குடைமிளகாயை அறுத்த வாசனை வந்தால் அது பிரமையில்லை, இரண்டிலும் ஒரே வகை வேதிப்பொருள் இருக்கிறது. செனின் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளையில் எனக்குப் பழுத்த அன்னாசியும் தேனும் தெரியும், நண்பன் ஒருவன் கொய்யா என்று சாதிப்பான். ஷிராஸ் என்ற சிவப்பில் மிளகு வரும். ரொடண்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள், நம் மிளகின் வாசனையும் அதுதான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறவே ஏறாது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்கு ஏறவில்லை, நாங்கள் கதை விடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் மஸ்கட் என்று பார்த்தால் விடாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான், அந்தக் குடும்பத்து ஒயினை முகர்ந்ததும் தேனிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நாலு வார்த்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். என் குறிப்பில் ஒன்று ‘அத்தை வீட்டு மர பீரோ’ என்று இருக்கிறது, இன்றைக்கும் அந்த ஒயின் எதுவென்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

கூட்டத்தில் குடிக்காத நண்பர் இருந்தால் அவரை வண்டியிலோ உணவகத்திலோ உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆலைச் சுற்றுக்கு அவரும் வரலாம், முகர்வதற்கு யாருக்கும் தடையில்லை, எங்கள் கூட்டத்தில் நல்ல மூக்கு குடிக்காதவனுடையதுதான். அவன் முகர்ந்து சொல்வான், நாங்கள் ருசித்துச் சரிபார்ப்போம்.

வாங்குவதை இரண்டாவது இடமும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், டேஸ்டிங் முடிந்த சூட்டில் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். நாங்கள் முதல் தடவை ஆறு பாட்டில் வாங்கினோம், அதில் இரண்டு வீட்டில் திறந்தபோது யார் தேர்ந்தெடுத்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில் கிடைக்காததை மட்டும் வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள், துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். அதற்கு முன்பு, வெளி மாநில மதுவை உங்கள் மாநிலத்துக்குள் கொண்டுவர என்ன விதி என்று பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி, தெரியாது என்றால் விட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலோ அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலோ வைக்காதீர்கள், நம் ஊர் ஏப்ரலில் அது வெந்துவிடும். பீரோவின் அடித்தட்டு பரவாயில்லை, ஃபிரிட்ஜ் இன்னும் நல்லது. வெள்ளையைப் பல வருடம் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமில்லை, ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். சிவப்பை அறையின் வெப்பத்தில் குடிக்கலாம் என்று எங்காவது படித்திருப்பீர்கள், அது குளிர் நாட்டு அறை, 18 டிகிரி. சென்னையில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். திறந்த பாட்டில் மூடி போட்டு உள்ளே இருந்தால் மூன்று நாள் தாங்கும்.