ஸ்டியரிங் சத்தம் போட்டால், கழற்றுவதற்கு முன் காதுகொடுத்துக் கேளுங்கள்

10, 15 வருடம் ஓடிய, ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் (ஆயில் அழுத்தத்தால் ஸ்டியரிங்கை லேசாக்கும் வகை) கார் என்றால் பாதிக் கோளாறைச் சத்தமே சொல்லிவிடும். திருப்பும்போது 'ங்ங்ங்' என்று முனகினால் பானட்டைத் திறந்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைப் பாருங்கள். ஆயில் குறைந்திருக்கும், இல்லை நுரைத்துக் கிடக்கும், நுரை என்றால் உள்ளே காற்று. மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே ஊற்றி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருகிவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20 தடவையாவது மெதுவாகத் திருப்புங்கள், குமிழி நிற்கும்வரை. மறுபடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. 'கீச்' என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங் பம்பை ஓட்டும் பெல்ட்.

பள்ளத்தில் 'டொக்' என்பதுதான் பொல்லாதது. வண்டி தரையில் நிற்க, இன்ஜின் அணைந்திருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டை, அதாவது ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டை, பிடித்துப் பாருங்கள், தேய்ந்த மூட்டு விரலில் 'டிக்' என்று தட்டும். தட்டினால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அது கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. மாற்றியதும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம்.

அப்புறம், முழுதாகத் திருப்பி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் 'டக்டக்டக்' என்றால் ஸ்டியரிங் மேல் பழி போடாதீர்கள். சக்கரத்தின் உள்பக்கம் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள், அது ஆக்ஸில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) வேலை.