பழனி பாதயாத்திரை: சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப்போகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிடுங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அது அபூர்வம். தொடையில் ஊசி போட்டு உடனே நடந்தால் இன்சுலின் வேகமாக ஏறும். வயிற்றில் போடுங்கள்.

கிளம்புமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்கும் 90க்கும் இடையே என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். 250க்கு மேல் இருந்து சிறுநீரில் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் அமிலம்) தெரிந்தால் அன்றைக்கு நடை வேண்டாம்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் வந்தால் உட்கார்ந்து சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் ஏறாவிட்டால் மறுபடியும். பையில் கந்தரப்பம் இருக்கிறதே என்று அதைக் கடிப்பவர்கள் உண்டு. எண்ணெயில் பொரித்ததால் அதன் இனிப்பு ரத்தத்தில் சேரத் தாமதமாகும், அவசரத்துக்கு உதவாது. பிறகு வேண்டாத நேரத்தில் ஏற்றிவிடும்.

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தால் சுண்டலும் காயும் முதலில். பொங்கல் ஒரு கரண்டி. கேசரியை இலையில் வைக்கவிட்டால் கை சும்மா இருக்காது, பரிமாறும்போதே மறுத்துவிடுங்கள். பானகம் வெல்லத்தண்ணீர், சர்க்கரை இறங்கினால் மட்டும்.

நாள் முழுக்க நடந்த உடம்பில் நடுராத்திரியிலும் சர்க்கரை இறங்கும். படுக்குமுன் சோதித்து, குளுக்கோஸைத் தலைமாட்டில் வையுங்கள். கால் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. செருப்புப் போட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒவ்வொரு தங்கலிலும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்; கொப்புளத்தை உடைக்காதீர்கள்.